இரண்டாம் பிரதிவாதி

கரிசக்காட்டு உளுந்தைக் கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொந்தரவு தெரியும். உளுந்தும் கருப்பு, மண்ணும் கருப்பு. களத்தில் அடித்துக் கூட்டும்போது உளுந்து அளவுக்கே திரண்ட மண்கட்டிகள் கூடவே வந்துவிடும். சல்லடையில் போட்டால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிற மிஷின்கள் விற்கிறார்கள். அரிசியில் கிடக்கும் கறுத்த மணியை அவை ஒரு நொடியில் ஊதித் தள்ளிவிடும். எங்கள் பக்கத்து உளுந்தைக் கொட்டினால் எதைத் தள்ளுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விட்டுவிடும்.

இதற்கென்று ஒரு மிஷினை அண்ணாச்சியும் நானும் மூன்று வருஷம் பாடுபட்டுச் செய்தோம். அண்ணாச்சி என் முதலாளி. கோவில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு மிஷின் பழுது பார்ப்பதில் தொடங்கி, பிறகு மிஷினையே செய்து கொடுக்கிற அளவுக்கு வந்த பட்டறை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டவன். அங்கே துளை போடுகிற மிஷினில் எட்டு வருஷம் நின்றேன். பில் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதன் முன்னால் போய் உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை. போனில் வீடியோ பார்த்தே நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். கற்றேன் என்று சொல்லவே இப்போதும் கூச்சமாக இருக்கிறது. யாராவது எந்தக் காலேஜ் என்று கேட்டுவிடுவார்களோ என்று.

வழி கிடைத்தது ஒரு சாயங்கால வெயிலில். பட்டறை வாசலில் தட்டில் உளுந்தைப் பரப்பி வைத்துக்கொண்டு தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உளுந்தின் தோல்மேல் ஒரு சின்ன மினுக்கம், தட்டைத் திருப்பத் திருப்ப இடம் மாறி ஓடியது. மண்கட்டியில் அந்த மினுக்கம் இல்லை. அப்படியென்றால் இடது பக்கம் ஒரு விளக்கு, வலது பக்கம் ஒரு விளக்கு. மாறி மாறி எரியவிட்டு இரண்டு படம் எடுக்க வேண்டும். இரண்டு படத்திலும் மினுக்கம் இடம் மாறியிருந்தால் உளுந்து. இல்லாவிட்டால் மண், காற்றால் ஊதித் தள்ளு. அவ்வளவுதான் சங்கதி. அதைச் செய்து முடிக்கத்தான் மூன்று வருஷம்.

பேட்டன்ட் எடுக்கலாம் என்று அண்ணாச்சியிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். மதுரையில் இதற்கென்று விண்ணப்பம் எழுதுகிற ஒருவரிடம் போனோம். கம்ப்யூட்டர் நிரலுக்குத் தனியாக நம் நாட்டில் பேட்டன்ட் தருவதில்லை, விளக்கும் கேமராவும் பெட்டியும் சேர்ந்த மிஷினாகத்தான் கேட்க வேண்டும் என்றார் அவர். படிவத்தில் பெயர் எழுதும் இடம் வந்தது.

"ரெண்டு பேரு போடுங்க," என்றார் அண்ணாச்சி.

"இவர் உங்ககிட்ட சம்பளத்துக்கு இருக்கறவர்தானே? உரிமை முழுக்க உங்க பேர்ல இருக்கட்டும். இவரைக் கண்டுபிடிச்சவர்னு மட்டும் காட்டலாம்."

"சம்பளம் அவன் கைக்குக் குடுக்கேன். மினுக்கத்தப் பாத்தது அவன் கண்ணு. ரெண்டு பேரும் பாதிப்பாதின்னு போடுங்கய்யா."

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணாச்சி, "நீ சும்மா இருல," என்றார். அப்படித்தான் ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும் ஆதாருக்கும் பிறகு என் பெயர் நான்காவதாக ஓர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. வீட்டுக்கு வந்து அன்றைக்கே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். கூட்டு என்றால் பின்னாளில் ஏதாவது வம்பு வருமே, எதில் வரும் என்று. பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை டிக்கெட்டைத் தொட்டுக்கொண்டே வருவேன். எல்லாப் பக்கமும் கவலைப்பட்டேன். வம்பு வந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

மிஷினுக்குள் ஓடுகிற நிரல் முழுதும் நான் எழுதியது இல்லை. படத்தை அலசிப் பார்ப்பதற்கு உலகத்தில் பல பேர் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் ஒரு தொகுப்பு இருக்கிறது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கிற மிஷினிலும் வைக்கலாம். அதைத்தான் எடுத்திருந்தேன். அதில் ஒரு கோளாறு இருந்தது. விளக்கு வேகமாக மாறி எரியும்போது படங்களின் வரிசை முன்பின்னாகிவிடும். நான் அதைச் சரி செய்தேன். எங்கள் மிஷின் ஓடியது.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பட்டறையிலிருந்து இன்னொரு பட்டறை அச்சையோ மாதிரியையோ இரவல் வாங்கும். திருப்பிக் கொடுக்கும்போது வாங்கின மாதிரியே கொடுக்க மாட்டார்கள். தேய்ந்த விளிம்பை அரத்தால் ராவி, ஆடுகிற பிடியை இறுக்கித்தான் கொடுப்பார்கள். யாரும் கேட்பதில்லை. அப்படிக் கொடுக்காதவனுக்கு அடுத்த தடவை அச்சு கிடைக்காது. நான் அந்த வழக்கத்தில் வளர்ந்தவன். ஓசியில் வாங்கின தொகுப்பு, அதில் ஒரு பழுதைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டு நம்மோடு வைத்துக்கொண்டால் எப்படி? அனுப்பினேன். வரிசைக் கோளாறைச் சரி செய்ததோடு, இரண்டு படத்தையும் ஒப்பிட்டு மினுக்கம் நகர்ந்ததா என்று பார்க்கிற பகுதியையும் சேர்த்தே அனுப்பினேன். அது இருந்தால்தான் சரி செய்தது எதற்கு என்று அவர்களுக்குப் புரியும் என்று நினைத்தேன்.

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு ஒப்பந்தத்தைக் காட்டி, சம்மதம் என்று கட்டத்தில் குறியிடச் சொன்னார்கள். இங்கிலீஷில் நீளமாக இருந்தது. வாசித்தேன். வாசிக்காமல் குறியிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நீங்கள் அனுப்புவதை அனுப்ப உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று ஒரு இடத்தில் கேட்டிருந்தது. திருடினதா என்று கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நான் திருடவில்லை. இன்னொரு இடத்தில் பேட்டன்ட் என்ற வார்த்தை வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் விட்டுப்போனது. அதற்குத்தான் நாம் விண்ணப்பம் போட்டாயிற்றே என்று. குறியிட்டேன்.

நான்கு நாளில் எங்கேயோ இருக்கிற ஒருவர் நன்றி என்று எழுதினார். பங்களித்தவர்கள் பட்டியலில் என் பெயரும் வந்தது. பெரிய பெரிய கம்பெனிகளின் ஆட்கள் இருக்கிற பட்டியல் அது. வீட்டுக்காரியிடம் மட்டும் காட்டினேன். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அச்சை ராவிக் கொடுத்ததை முதலாளியிடம் போய் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

பேட்டன்ட் வந்தது. மிஷின் கொஞ்சம் கொஞ்சமாக விலை போனது. அடுத்த வருஷம் பசுவந்தனையிலிருந்து உளுந்து வாங்கி விற்கிற ஒருவர் பட்டறைக்கு வந்து, மதுரையில் ஒரு மில்லில் உங்கள் மிஷினைப் பார்த்தேன், நன்றாக ஓடுகிறது என்றார். மதுரைக்கு நாங்கள் விற்கவில்லை. அண்ணாச்சி மறுநாளே வாங்க வந்தவர் மாதிரி அந்த மில்லுக்குப் போனார். திரும்பி வந்து எங்கள் மிஷினின் மூடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்.

"மேக்க உள்ள ஒரு கம்பெனி செஞ்சிருக்கான்," என்றார் பிறகு. "விளக்கு மாறி மாறி எரியுது. காத்து ஊதுது. பெட்டிக்கு மட்டும் வேற பெயின்ட்."

"நம்மள மாதிரியேவா அண்ணாச்சி?"

"நம்மள விட அமைப்பாவே இருக்கு. மூடிய கழத்துறது லேசா இருக்கு. அதுதான் வயித்தெரிச்சல்."

மதுரையில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தார். பேட்டன்ட் கையில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் செய்திருக்கிறான், வழக்குப் போடலாம் என்று அவர்கள் சொன்னார்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். எங்கள் மிஷினில் ஓடுகிற நிரல்கள் எவை, ஒவ்வொன்றும் எந்த நிபந்தனையில் வந்தது என்று எழுதி, உரிமக் கோப்புகளோடு அனுப்ப வேண்டும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சி குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தார். பட்டறை மூடியிருந்தது. நான் முதல் நாளே வாங்கி வைத்திருந்த சாவியோடு போய், கம்ப்யூட்டரில் அந்த உரிமக் கோப்பைத் திறந்து, போனில் வரிவரியாகத் தமிழுக்கு மாற்றிப் படித்தேன். மொழிபெயர்ப்பு கோணல்மாணலாக இருந்தாலும் விஷயம் நேராகவே இருந்தது. இந்தத் தொகுப்புக்கு எதையாவது கொடுக்கிறவர், தான் கொடுத்ததில் தன் பேட்டன்ட் ஏதாவது இருந்தால், அதைப் பயன்படுத்த எல்லோருக்கும் அனுமதி கொடுத்ததாகும். காசில்லாமல். எந்த நாட்டிலும். திரும்ப வாங்க முடியாமல்.

அதற்குக் கீழே இன்னொன்று. இந்தத் தொகுப்பு என் பேட்டன்ட்டை மீறுகிறது என்று சொல்லி யார் மீதாவது வழக்குப் போட்டால், இதில் மற்றவர்கள் கொடுத்திருக்கிற பேட்டன்ட் அனுமதியெல்லாம் வழக்குப் போட்டவருக்கு அன்றோடு போய்விடும்.

அந்தக் கம்பெனியின் மிஷினில் அதே தொகுப்புதான் ஓடுகிறது. அவர்கள் விளம்பரத்திலேயே அதைப் போட்டிருந்தார்கள். பார்த்தேன். அவர்கள் என்னிடம் திருடவில்லை. நான்தான் எடுத்துக்கோ என்று வைத்திருக்கிறேன்.

பட்டறையைப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேனா என்று ஞாபகமில்லை. வீட்டில் வீட்டுக்காரி இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். கடலைமிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் போடப் போகிறவள், ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பாள். கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னேன்.

"கேஸ் அடுப்ப மூணு தடவ அணைச்சுப் பாக்குற ஆளு நீங்க," என்றாள். "இத எப்படி அமுக்குனீங்க?"

"வாசிச்சேன் ஏட்டி. புரியல."

"புரியலன்னா அமுக்கக் கூடாதுல்லா."

"புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்க."

"சொன்னா அவரு மூணு வருஷ உழைப்பு போச்சு. நான் போகச் செஞ்சேன்னு ஆகும்."

"சொல்லலன்னா?"

"கோர்ட்ல அவன் சொல்லுவான். பட்டியல்ல என் பேர காட்டுவான்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான. நீங்க சொன்னா சீக்கிரம் முடியும்." எழுந்து கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அவளுக்கு எல்லாம் சட்டென்று முடிந்துவிடும்.

திங்கள் சொல்லவில்லை. அண்ணாச்சி சந்தோஷமாக இருந்தார். செவ்வாய் அவருக்குத் தலைவலி. புதன்கிழமை மதுரைக்குப் போய் வழக்குக் காகிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வக்கீலம்மாவுக்கு நான் அனுப்ப வேண்டிய பட்டியலை, நேரில் கொண்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பாமலே வைத்திருந்தேன். மடித்த காகிதம் சட்டைப் பையில். டிக்கெட்டைத் தொடுகிற மாதிரி அதைத் தொட்டுக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

சாத்தூரில் பஸ் நின்றது. ஜன்னலோரம் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டு வந்தார்கள். அண்ணாச்சி இரண்டு வாங்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவினதில் ஒன்றை என்னிடம் நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். தொகுப்பில் இருந்த பழுதைச் சொன்னேன், சரி செய்து அனுப்பியதைச் சொன்னேன், நன்றி வந்ததைச் சொன்னேன்.

"வெளிநாட்டுக்காரனா?" என்றார் மென்றுகொண்டே. "உனக்கு நன்றி சொன்னானா? நல்லதுதானல. இத ஏன் இம்புட்டு நாள் சொல்லல?"

"அதுல நம்ம மினுக்கமும் போயிருச்சு அண்ணாச்சி."

"எங்க போயிருச்சு?"

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை காகிதத்தை எடுத்து விரித்து, போனில் வந்த தமிழை நான் கையால் எழுதியிருந்ததை விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் நின்றவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பாதி வெள்ளரிக்காயை ஜன்னலுக்கு வெளியே போட்டார். நான் கையில் இருந்ததைத் தின்னவும் முடியாமல், போடவும் முடியாமல் வைத்திருந்தேன். மிளகாய்ப்பொடி உள்ளங்கையில் ஊறி எரிந்தது.

விருதுநகர் தாண்டினதும் சொன்னார். "வக்கீலம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா தப்பாச் சொல்லிருவேன்."

வக்கீலம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள். பிறகு உரிமக் கோப்பை இரண்டு தடவை அவர்களே வாசித்தார்கள். நல்லவேளை என்றும் சொல்லவில்லை, ஐயோ என்றும் சொல்லவில்லை.

"பேட்டன்ட்ல உங்க பேர் இல்லாம இருந்திருந்தா இதுல பாதிப் பிரச்சனை இல்ல," என்றார்கள் என்னைப் பார்த்து. "கொடுக்கறதுக்கு உங்ககிட்ட ஒண்ணும் இருந்திருக்காது. நீங்க பாதி உரிமைக்காரர். அதனாலதான் நீங்க கொடுத்தது கொடுத்ததா இல்லையாங்கற கேள்வியே வருது."

அண்ணாச்சி மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பாதிப்பாதி போடச் சொன்னது அவர்தான். அவர் நல்லவராக இருந்த ஒரே காரணத்தால் இந்த ஓட்டை விழுந்திருக்கிறது என்று அந்தம்மா வேறு வார்த்தையில் சொல்லிவிட்டார்கள்.

"ஒரு வழி இருக்கு," என்றார்கள். "நம்ம சட்டப்படி பேட்டன்ட்டுக்கு ரெண்டு பேர் சொந்தக்காரங்கன்னா, ஒருத்தர் சம்மதம் இல்லாம இன்னொருத்தர் வெளியாளுக்கு அனுமதி கொடுக்க முடியாது. இவர்கிட்ட சம்மதம் கேட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"எழுத்துல இல்ல. வாயால?"

"வாயாலயும் இல்ல."

"அப்ப அந்த அனுமதி செல்லாதுன்னு வாதாடலாம். தேறுமான்னு எனக்குத் தெரியாது. இந்த மாதிரி ஒண்ணு என் கைக்கு வந்ததில்ல. ஆனா அதை நீங்க சொல்ல முடியாது. கொடுத்ததே நீங்க. இவர்தான் சொல்லணும், எனக்குத் தெரியாம செஞ்சுட்டான்னு."

"என் பேர்ல கேஸா?" என்று கேட்டேன்.

"கம்பெனிக்காரன் முதல் பிரதிவாதி. சொந்தக்காரர் ரெண்டு பேரும் வழக்குல இருந்தாகணும். நீங்க வாதியா நிக்க முடியலன்னா பிரதிவாதியாத்தான் நிக்கணும். ரெண்டாம் பிரதிவாதி."

அதோடு விடவில்லை. செல்லாது என்று ஆனால், கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று நான் கட்டத்தில் குறியிட்டது பொய்யாகும். அந்தத் தொகுப்பை நம்பி எடுத்தவர்கள் யாராவது என்னைக் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். செல்லும் என்று ஆனால் அண்ணாச்சியின் பேட்டன்ட்டில் அந்தக் கம்பெனியைத் தடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. விளக்கும் பெட்டியும் மட்டும்தான் எங்கள் புகார், தொகுப்பைப் பற்றி இல்லை என்று எழுதிப் பார்க்கலாம். ஆனாலும் எதிராளி தொகுப்பைத்தான் இழுப்பான். அப்படி இழுத்தது கோர்ட்டில் எடுபட்டுவிட்டால், எங்கள் மிஷினில் தொகுப்பை ஓட்ட மற்றவர்கள் தந்த பேட்டன்ட் அனுமதி அண்ணாச்சிக்கு இல்லாமல் போய்விடும். யார் யார் என்ன பேட்டன்ட் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கடைசியாக, இனி நான் அவர்களுடைய கட்சிக்காரன் இல்லை, எனக்கு வேறு வக்கீல் வேண்டும், நானும் அண்ணாச்சியும் வழக்கைப் பற்றிப் பேசிக்கொள்ளாமல் இருப்பது நல்லது என்றார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவு சாத்தப்பட்டது. பத்து நிமிஷம் முன்னால் வரை நானும் உள்ளே இருக்க வேண்டியவன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் டீ குடிக்கும்போது அண்ணாச்சி சொன்னார்.

"போடப் போறேன்."

"சரி அண்ணாச்சி."

"நீ என்ன சொல்லுத?"

"உங்க இஷ்டம்."

"இஷ்டமாவா செய்யுதேன்? அவன சும்மா விட்டா நாளைக்கு கழுகுமல வரைக்கும் வந்து விப்பான். பட்டறையில பதினோரு பேரு நிக்காங்க." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "வேலைக்கு எப்பயும் போல வந்துரு."

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். என் வக்கீல், அவர் கோவில்பட்டிக்காரர், விடாதீங்க என்றார். விட்டால் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தான், முதலாளி மேல் உள்ள கோபத்தில் கொடுத்தான் என்று சொல்வார்களாம். இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள் என்று சொல்வார்களாம். "எது தேவல?" என்று கேட்டேன். "சம்பளம் வர்றது தேவல," என்றார்.

அப்படியே இருந்தேன். தொகுப்பு இல்லாமல் மிஷின் ஓட வேண்டும் என்பதால், அதிலிருந்து எடுத்த ஒவ்வொரு பகுதியையும் நானே புதிதாக எழுத ஆரம்பித்தேன். உலகத்தில் எத்தனையோ படித்தவர்கள் வருஷக்கணக்காக எழுதினதை ஒன்பதாம் வகுப்புக்காரன் ஒருவன் தனியாக எழுதுகிறான். ஒன்றை எழுதி முடித்ததும் இன்னொரு பயம் வரும். நான் எழுதினது வேறு யாருடைய பேட்டன்ட்டிலாவது மாட்டுமோ என்று. மிஷின் பழையபடி ஓடவில்லை. மூட்டைக்கு ஒரு கைப்பிடி மண்கட்டி தப்பிப் போனது. அண்ணாச்சி அதை அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவார்.

வழக்கு விவரம் அந்தக் கம்பெனிக்குப் போனபிறகு அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எனக்குப் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். சின்னப் பட்டறை, ஒரே கூரை, நீங்கள் செய்தது முதலாளிக்குத் தெரியாமலா இருந்திருக்கும், தெரிந்திருந்தது என்று ஒரு வரி சொன்னால் எல்லோருக்கும் தொல்லை விட்டுப்போகும், உங்களைப் போன்ற ஆளுக்கு எங்களிடம் இடமும் இருக்கிறது என்றார். தெரியாது என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்தபிறகுதான் யோசித்தேன், எது தெரியாது என்று சொன்னேன்? அண்ணாச்சிக்குத் தெரியாது என்றா, எனக்கு ஒன்றும் தெரியாது என்றா? அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? இதை அண்ணாச்சியிடம் சொல்லவும் முடியவில்லை, வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்றிருக்கிறார்கள். சொல்லாமல் இருந்தால் மறுபடியும் ஒன்றை மறைத்தவன் ஆவேன்.

போன மாதம் சம்மன் வந்தது. பேட்டன்ட் காகிதத்தில் எனக்கும் பட்டறை விலாசம்தான் போட்டிருந்தது. ஆகவே வாதியின் விலாசத்துக்கே பிரதிவாதியின் சம்மன் வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் நின்ற அண்ணாச்சியிடம் நீட்ட, அவர் பெயரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, உனக்குத்தான். கையெழுத்துப் போட்டு வாங்கு."

வாங்கினேன். சம்மனோடு வழக்கின் நகல் கட்டாக இருந்தது. என் மேஜையில் வைத்தேன். அண்ணாச்சி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பிரி."

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ அண்ணாச்சி."

"பேச வேண்டாம். வாசி. எல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. ஒவ்வொரு பக்கமும் கையெழுத்து வாங்குனாங்க, போட்டேன். உன்னப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு எனக்கே தெரியாது."

பட்டறையில் இங்கிலீஷில் எது வந்தாலும் நான்தான் வாசித்துச் சொல்வது. மின்வாரியக் கடிதம், பேரிங் கம்பெனி காகிதம், எல்லாம். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். தெரியாத வார்த்தைக்குப் போனைப் பார்த்தேன். மிஷினைப் பற்றி நன்றாக எழுதியிருந்தார்கள். அண்ணாச்சி தலையாட்டிக்கொண்டே கேட்டார். பதினான்காம் பத்தியில் நான் வந்தேன். இரண்டாம் பிரதிவாதி, வாதி தன்மேல் வைத்த நம்பிக்கையைத் துஷ்பிரயோகம் செய்து, வாதிக்குத் தெரியாமல், அவருக்கு நஷ்டம் வரும் என்று அறிந்தே, அந்த முறையைப் பிறருக்குக் கொடுத்தார்.

அதை இரண்டு தடவை எனக்குள் வாசித்துவிட்டு ஒரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

"'அறிஞ்சே'ன்னா என்ன?" என்றார் அண்ணாச்சி.

"தெரிஞ்சே செஞ்சேன்னு."

"தெரிஞ்சா செஞ்ச?"

"இல்ல அண்ணாச்சி."

அண்ணாச்சி கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்தப் பத்தியையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் இப்படிச் சொல்லல. தெரியாமக் குடுத்துட்டான்னுதான் சொன்னேன். அவங்க கூட்டி எழுதியிருக்காங்க. மாத்தச் சொல்லவா?"

மாற்றச் சொல்லுங்கள் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. இந்தப் பத்தியை நாளைக்கு என் மகள் படிப்பாள், அவள் இங்கிலீஷ் படிக்கிறாள். ஆனால் இத்தனை மாதத்தில் நான் இந்த வழக்கை வாதிக்கும் பிரதிவாதிக்கும் அவர்கள் வக்கீல்களுக்கும் சேர்த்துப் படித்துவிட்டேன். எங்கே எதை இழுத்தால் எது சரியும் என்று எனக்குத் தெரியும். மாற்றினால் அதற்கொரு மனு போட வேண்டும். மாற்றினதைக் காட்டி அந்தக் கம்பெனிக்காரன், பாருங்கள், இரண்டு பேரும் ஒன்று என்பான். இந்த வழக்கில் அண்ணாச்சி நிற்பது, தனக்குத் தெரியாமல் கொடுத்தான் என்கிற அந்த ஒரு காலில்தான்.

"இருக்கட்டும்," என்றேன். "மாத்துனா கேஸ் ஆடும்."

"நீ என்ன பதில் எழுதுவ?"

"வக்கீல் முப்பது நாள் இருக்குன்னாரு."

"அத கேக்கல."

"சம்மதம் கேக்கலன்னு எழுதுவேன். அது நெசம். தெரிஞ்சே செஞ்சேனான்னு கேட்டா இல்லன்னு எழுதுவேன். அதுவும் நெசம்."

"அப்படி எழுதுனா எனக்குச் சேதாரமா?"

"கொஞ்சம்."

அவர் காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"சரி, மேல வாசி. இன்னும் எத்தன பக்கம் இருக்கு?"

இருபத்திரண்டு பக்கம் இருந்தது. பதினைந்தாம் பத்தியை வாசிக்க ஆரம்பித்தேன்.